நுகர்வுக் கலாச்சாரம் மனிதர்களையும் பூமியையும் எப்படிப் பாதிக்கிறது?

கேள்வியோடு ஒரு துணைக்கேள்வியும் இருந்தது: "ஆசையைக் குறைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடாதா?" அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆசையைக் குறைத்துக்கொள்வது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாங்கின பொருளை நெடுநாள் வைத்துப் புழங்க நினைப்பவரைக்கூடப் புதிது வாங்க வைக்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதைப் பேசாமல் ஆசையை மட்டும் குறை சொன்னால், பழி போகவேண்டிய இடத்துக்குப் போகாது.

வீட்டுச் சாதனங்கள் பழுதுபார்ப்பது என் தொழில். அடிக்கடி கையில் படுகிற ஒன்றைச் சொல்கிறேன். முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினில் துணி பிழியும்போது காதைப் பிளக்கும் இரைச்சல் வந்தால், பெரும்பாலும் டிரம்முக்குப் பின்னால், அது உராயாமல் சுழலத் தாங்கி நிற்கும் பேரிங் என்ற இரும்பு வளையம் போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் முதலில் கசியும், ஈரம் பேரிங்குக்குள் போய்த் துருப்பிடிக்கும், அப்புறம் சத்தம். பழைய மெஷின்களில் டிரம்மைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தொட்டி இரண்டு பாதிகளாக இருக்கும், சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். போல்ட்டைக் கழற்றி, தொட்டியைப் பிரித்து, பேரிங்கைத் தட்டி எடுத்து, புதிய பேரிங்கும் சீலும் போட்டு மூடினால் மெஷின் இன்னும் பல வருஷம் ஓடும்.

இப்போது வரும் பல மாடல்களில் அந்த இரண்டு பாதிகளையும் சூடேற்றி ஒரேயடியாக ஒட்டிவிடுகிறார்கள். பிரிக்க வழியில்லை. கேட்டால், பேரிங் தனியாகக் கிடையாது, தொட்டியும் டிரம்மும் சேர்ந்த முழு செட்டையும்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். அதன் விலையையும் கூலியையும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் புது மெஷின் வாங்கவே கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் தொழிலில் சிலர் ஒட்டிய கோட்டிலேயே ரம்பத்தால் அறுத்து, பேரிங்கை மாற்றி, விளிம்பில் துளை போட்டு போல்ட் மாட்டி, சிலிக்கான் பசை தடவி மூடுகிறார்கள். நானும் செய்திருக்கிறேன். ஓடுகிறது. ஆனால் எல்லோரும் அதற்குத் துணிவதில்லை. மோட்டார் நன்றாக இருக்கும், மெஷினை இயக்கும் மின்னணு போர்டு நன்றாக இருக்கும், உடம்புத் தகட்டில் ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளங்கையில் அடங்குகிற ஓர் இரும்பு வளையத்துக்காக அத்தனையும் குப்பைக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை வாங்கியவரின் பேராசை என்று எப்படிச் சொல்வது?

இது நேற்று தொடங்கியதும் அல்ல. 1924-ல் ஜெனீவாவில் உலகின் பெரிய பல்பு உற்பத்தியாளர்கள் கூடி ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்தார்கள். அப்போது 1,500 முதல் 2,000 மணி நேரம்வரை எரிந்துகொண்டிருந்த பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைப்பது என்று முடிவாயிற்று. தொழிற்சாலைகள் மாதிரி பல்புகளைச் சுவிட்சர்லாந்தில் இருந்த சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். வரம்பை மீறி அதிக நேரம் எரியும் பல்பு தயாரித்த கம்பெனி அபராதம் கட்ட வேண்டும். ஆயுளைக் குறைத்தால் வெளிச்சம் கூடும் என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் நீடித்து உழைக்கும் பொருளைச் செய்ததற்கு அபராதம் போட அந்தக் காரணம் போதாது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் வருஷாவருஷம் கார்களுக்குப் புதுத் தோற்றம் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கியது. அங்கே பொருள் கெடவே வேண்டியதில்லை. நன்றாக ஓடுகிற காரே அதன் சொந்தக்காரர் கண்ணுக்குப் பழசாகத் தெரிந்துவிடும்.

மனிதர்கள்மேல் ஏற்படும் பாதிப்பில் என்னை அதிகம் வருத்துவது இந்த இரண்டாவது வழிதான். பழுதுபார்க்கக் கொண்டுவருகிறவர்கள் பலர், பொருளை மேசையில் வைக்கும்போதே, "ரொம்பப் பழசுதான், தப்பா நினைக்காதீங்க" என்று கூச்சத்தோடு சொல்வார்கள். பத்து வருஷம் ஒரு பொருளைப் பத்திரமாக வைத்திருந்தவர் பெருமைப்பட வேண்டும். அவரைக் கூச்சப்பட வைத்தது எது? விளம்பரம் பொருளை மட்டும் விற்பதில்லை, நம்மிடம் இருப்பது போதாது என்ற எண்ணத்தையும் சேர்த்தே விற்கிறது. வாங்கின பொருளின் புதுமை சில வாரங்களில் தீர்ந்துவிடும், தவணை தீராது. தவணையைக் கட்ட இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேலை, அந்த அலுப்பைத் தீர்க்க மறுபடி ஏதாவது ஒன்று வாங்குவது என்று வாழ்க்கை சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற பொருளாதார அறிஞர் 1974-லேயே, ஒரு நாட்டின் வருமானம் காலப்போக்கில் உயர்ந்துகொண்டே போனாலும் மக்களின் மகிழ்ச்சி அதற்கேற்பக் கூடுவதில்லை என்று எழுதினார். அதை மறுத்து வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். வறுமையில் இருப்பவருக்குப் பொருள் நிம்மதி தரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தேவை தீர்ந்த பிறகு வாங்குவதில்தான் அந்த நிம்மதி கிடைப்பதில்லை.

பூமிக்கு வருவோம். 1970-ல் உலகம் முழுக்க மண்ணிலிருந்து எடுத்த மூலப்பொருள்கள், அதாவது மணல், தாது, எரிபொருள், விளைபொருள், மரம் எல்லாம் சேர்த்து, ஏறக்குறைய 3,000 கோடி டன். இன்று அது 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. மூன்று மடங்குக்கும் மேல். அதே காலத்தில் மக்கள்தொகை 370 கோடியிலிருந்து 800 கோடிக்குச் சற்று மேலாக உயர்ந்தது. அது இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டிய வளர்ச்சிதான். ஆக, "ஜனத்தொகை பெருகிவிட்டது, அதனால்தான்" என்ற விளக்கம் பாதிக் கணக்குக்குத்தான் பதில் சொல்கிறது. எல்லோரும் சமமாகவும் செலவழிப்பதில்லை. உலகின் கரியமில வாயு உமிழ்வில் ஏறக்குறைய பாதிக்கு வருமானத்தில் மேல்தட்டில் இருக்கும் 10 சதவீதத்தினரே காரணம். இதைச் சொல்லாமல் "நாம் எல்லோரும் குற்றவாளிகள்" என்று பேசுவது ஏழைகளுக்குச் செய்யும் அநியாயம்.

மின்னணுக் கழிவு மட்டும் 2022-ல் 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம். மிச்சத்தில் ஒரு பகுதி, தாமிரத்துக்காக வயர்களைத் திறந்த வெளியில் கொளுத்துகிறவர்களின் மூச்சில் போய்ச் சேர்கிறது.

துணியிலும் இதே கதைதான். மலிவு விலை ஒரு நாளும் சும்மா வருவதில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்கா அருகே சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன. மேல்மாடித் தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். வெளிநாட்டுக் கடைகளுக்குக் குறித்த தேதியில் சரக்கு போயாக வேண்டும் என்ற நெருக்கடி அப்படி. பருத்தி விளைந்த இடத்தைப் பார்த்தால், மத்திய ஆசியாவின் ஏரல் கடல் இருக்கிறது. 1960-களிலிருந்து அதில் கலந்த இரண்டு ஆறுகளின் நீரையும் பருத்தி வயல்களுக்குத் திருப்பினார்கள். உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது வற்றி, மொய்னாக் என்ற துறைமுக ஊரில் மீன்பிடிக் கப்பல்கள் மணலில் நிற்கின்றன. உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதி காற்றில் கிளம்பி அங்கே வாழும் மக்களைத்தான் நோயாளிகளாக்கியது.

"மறுசுழற்சி செய்தால் போகிறது" என்று சிலர் சொல்கிறார்கள். உலகில் சேரும் பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சியாவது ஏறக்குறைய 9 சதவீதம்தான், அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

சரி, என்னதான் செய்வது? எனக்கு நம்பிக்கை தருவது சட்டங்கள். பிரான்ஸ் 2021 முதல் போன், லேப்டாப், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்குப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று 10-க்கு மதிப்பெண் போட்டு, கடையில் விலையோடு சேர்த்துக் காட்டச் சொன்னது. விற்காமல் தேங்கிய உடைகளை எரிப்பதையும் புதைப்பதையும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதி வருகிறது. விதிவிலக்குகள் இருக்கின்றன, இருந்தாலும் இது பெரிய மாற்றம். பிரிக்க முடிகிற பொருளைச் செய்யத் தெரியாமல் யாரும் இருக்கவில்லை. கட்டாயம் வந்தால் செய்வார்கள். உங்கள் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமை பற்றிப் பேச்சு எழுந்தால் அதற்குக் குரல் கொடுங்கள்.

நம் கையில் இருப்பதும் உண்டு. வாங்கும்போது தள்ளுபடியை விசாரிப்பதற்கு முன், ஸ்பேர் தனித்தனியாகக் கிடைக்குமா, எத்தனை வருஷம் கிடைக்கும், பின்மூடி திருகாணியில் நிற்கிறதா பசையில் நிற்கிறதா என்று கேளுங்கள். போனில் மென்பொருள் அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்றும் கேளுங்கள். ஒரு ஸ்மார்ட்போன் தன் ஆயுளில் வெளியேற்றும் கார்பனில் பெரும்பங்கு அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வெளியேறிவிடுகிறது. அதனால் இரண்டு வருஷத்தில் மாற்றுவதை நான்கு வருஷத்துக்குத் தள்ளினாலே பெரிய மிச்சம். போன் சார்ஜ் நிற்காமல் சோர்ந்துபோயிருந்தால், புது மாடல்களைத் தேட ஆரம்பிக்கும் முன் பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். மாற்ற முடியாது என்று ஒருவர் சொன்னால், இன்னொருவரிடமும் கேளுங்கள்.