ரசகதலி மூடும் மண்ணு மருந்தும்: வாசகர் கேள்விகள்

எங்க விளையில ரெண்டு ரசகதலி வாழை மூட்டுல இலை மஞ்சளாகி ஒடிஞ்சு தொங்குது. சூடோமோனாஸ் ஊற்றினா பிழைக்குமா? (தக்கலை)

பிழைக்காது. தண்டை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்புக் கோடு ஓடினால் பனாமா வாடல் என்ற பூசண நோய்தான். பூசணம் நீர்க்குழாய்க்குள் ஏறிவிட்டது. சூடோமோனாஸ் வேரைச் சுற்றிக் குடியிருக்கும் பாக்டீரியா; அதற்கு அந்தப் பூசணம் எட்டாது. அந்த மூடுகளைக் கிழங்கோடு தோண்டி அழித்து, குழியில் ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு போடுங்கள். அதிலிருந்து கன்று எடுத்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

மற்ற மூடுகளைக் காப்பாற்றலாம். ஏக்கருக்கு 1 கிலோ சூடோமோனாஸை 20 கிலோ மட்கிய சாணத்தில் கலந்து ஈரமண்ணில் இடுங்கள். பூசணம் வருமுன் அது வேரில் இடம்பிடித்துக்கொள்ளும். மண்ணிலுள்ள இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பினாசின் போன்ற பூசணக்கொல்லிகளையும் சுரக்கும்.

நல்லமிளகுக்குப் போர்டோ கலவை அடித்த மறுநாளே சூடோமோனாஸ் ஊற்றலாமா? (குலசேகரம்)

கூடாது. அந்தக் கலவையில் சேரும் மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம். பூசணம், பாக்டீரியா என்று பார்க்காது. இரண்டு வாரமாவது விடுங்கள். டேங்கையும் நன்றாகக் கழுவுங்கள்.

சூடோமோனாஸ் பாக்கெட் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (மார்த்தாண்டம்)

ஒரு கடையில் முன்பக்கக் கம்பியில் சரம்சரமாகத் தொங்கியதை வாங்கி வந்து ஏமாந்தவன் நான். மதியவெயில் நேரே விழும் இடம். ஆய்வகத் தட்டில் வளர்த்துப் புறஊதா விளக்கில் காட்டினால் சூடோமோனாஸ் மஞ்சள்பச்சையாக ஒளிர வேண்டும். என் தட்டில் ஏழெட்டுப் புள்ளிதான் மினுங்கியது. பாக்கெட்டிலோ கிராமுக்கு 10 கோடி பாக்டீரியா என்று அச்சடித்திருந்தார்கள்!

சூடோமோனாஸ் உறைவித்து கட்டாத இனம். வெயிலும் வறட்சியும் தாங்காது. வீட்டில் விளக்கு இருக்காது, ஆகவே தயாரித்த தேதியைப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் உள்ளதை, நிழலில் வைத்திருப்பவரிடம் வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவை வாங்கலாம். அது உறைகட்டி உறங்கும். கொஞ்சம் சூடு பட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.

புதுமழையில் மண் மணப்பதும் பாக்டீரியாவாலா? (தோவாளை)

ஆமாம். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா விடும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அது. அதே இனத்தின் ஒரு வகையிலிருந்துதான் 1943இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஷாட்ஸ், காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். 1952 நோபலோ அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. எனக்கு இன்னும் அது உறுத்தல்தான்.

அப்படியானால் காயத்தில் மண் பூசலாமா? (தோவாளை, அதே கடிதத்தில்)

வேண்டவே வேண்டாம். இரணஜன்னிக் கிருமியும் அதே மண்ணில்தான் உறங்குகிறது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள்.