கடலடி எரிமலை வரிசைகள்: கேள்வி பதில்

மேலப்பாளையம், பிளஸ் டூ மாணவர்: அண்ணாச்சி, பூமிக்கு அடியிலிருந்து சூடு ஏறிவரும் ஹாட்ஸ்பாட் ஒன்றுதான். எரிமலை மட்டும் எப்படி வரிசையாக வருகிறது?

தையல் மெஷினில் ஊசி ஒரே இடத்தில்தான் ஏறி இறங்கும். துணி நகர்வதால் தையல் கோடாக விழுகிறது. இங்கே நகர்வது கடல்தட்டு, அதாவது கடலைத் தாங்கும் பூமியின் மேலோட்டுப் பலகை. ஹவாய்த் தீவுகளை வைத்து 1963இல் புவியியலாளர் டூசோ வில்சன் இதைச் சொன்னார். மேன்டில், அதாவது மேலோட்டுக்கு அடியில் உள்ள அடுக்கு, அதன் ஆழத்திலிருந்து சூடான கல் தூணாக ஏறுகிறது என்று 1971இல் ஜேசன் மோர்கன் விளக்கினார். அந்தத் தூண்தான் ப்ளூம்.

தம்பி, ஒன்றைப் பிடித்துக்கொள்: மேன்டில் குழம்பு கிடையாது, திடக் கல். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கணக்கில் நகரும் கல். சூடானது இலேசாக இருப்பதால் ஏறுகிறது. மேலே வர வர அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கல் உருகத் தேவையான வெப்பமும் குறையும். அப்போது அதில் ஒரு பங்கு உருகி மாக்மா ஆகிறது.

சாத்தான்குளம்: நம்ம தேரிக்காட்டுச் செம்மணல் எரிமலைச் சாம்பலா?

இல்லை. காற்று கொண்டுவந்து குவித்த மணல். சிவப்பு, இரும்பு ஆக்சைடால் வந்தது.

உவரி, மீனவர்: லட்சத்தீவு, மாலத்தீவு எல்லாம் எரிமலைமேல் நிற்கிறதாமே?

உண்மைதான். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெரும் எரிமலைப் பாறை கொட்டியது. இன்று மடகாஸ்கருக்குக் கிழக்கே ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கும் ஹாட்ஸ்பாட்டின் மேல் அப்போது இருந்தது நம் நாடு. இந்தியா வடக்கே நகர நகர, பின்னால் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று தெற்கு நோக்கி வரிசை விழுந்தது. 1987இல் கடலடியைத் துளையிட்டுப் பார்த்தார்கள். மாலத்தீவுப் பக்கம் எடுத்த கல்லுக்கு வயது சுமார் 5.7 கோடி, சாகோஸ் பக்கம் 4.9 கோடி. தெற்கே போகப் போக இளசு. ப்ளூம் கருத்து எதிர்பார்த்ததும் இதுவே.

அப்புறம் கடல்தளம் பிளந்து விரியும் முகடு அந்த ஹாட்ஸ்பாட்டைத் தாண்டியது. தடம் ஆப்பிரிக்கத் தட்டுக்கு மாறிவிட்டது. மொரீசியஸ் அங்கே பிறந்தது. ரீயூனியன் தீவில் பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை இன்றைக்கும் அடிக்கடி வெடிக்கிறது.

எரிமலை அணைந்ததும் தட்டு குளிர்ந்து அமிழும். அமிழ அமிழப் பவளம் மேலே வளரும். நீங்கள் அங்கே மிதிக்கிற வெள்ளை மணல் பவளம் தந்தது. எரிமலைக் கல் அதற்கு வெகு அடியில்.

அம்பாசமுத்திரம்: அப்படியென்றால் இந்த மூழ்கிய மலைத்தொடர்தான் குமரிக்கண்டம்!

இல்லை. இவை கடலடியில் பிறந்த பசால்ட் (எரிமலைக் கல்) மலைகள். மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முந்தியவை.

வள்ளியூர்: மொரீசியஸுக்கு அடியில் கண்டத்துண்டு கிடைத்ததே, அண்ணாச்சி? அதை மறைக்கலாமா?

மறைக்க என்ன இருக்கிறது? நல்ல கண்டுபிடிப்பு அது. இளம் எரிமலைத் தீவில் சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள ஜிர்கான் என்ற கனிமப் பரல்கள் கிடைத்ததாக 2017இல் அறிவித்தார்கள். மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தபோது சிதறிய துண்டு அடியில் இருக்கிறது என்பது அதன் பொருள். அந்தப் பிரிவும் டைனோசர் காலத்தது. குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் லெமூரியா என்ற பெயரையே விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் 1864இல் வைத்தது, மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் உயிரினங்கள் ஒத்திருந்ததை விளக்க. தட்டுகள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு மூழ்கிய கண்டம் தேவைப்படவில்லை.

சேரன்மகாதேவி: நம் பழைய நூல்கள் சொல்லும் கடல்கோள் பொய்யா?

பொய் என்று நான் சொல்லவே இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். அந்தக் கரையைக் கடல் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. கரை போனது உண்மை, கண்டம் போகவில்லை.

களக்காடு: கடலடி மேப்பில் நேர்க்கோடுகள் தெரிகின்றன. குமரிக்கண்டத்துத் தெருக்களா?

கப்பல்கள் சோனாரால், அதாவது ஒலியை அனுப்பி, ஆழம் அளந்துபோன தடங்கள். தயவுசெய்து இந்தப் படத்தை இனி அனுப்ப வேண்டாம்.

தென்காசி: அந்தமான் கடலில் உள்ள பேரன் (Barren) தீவும் ஹாட்ஸ்பாட்தானா? மேன்டில் குழம்பு அங்கே வெளியே வருகிறதா?

மேன்டில் திடக் கல். மேலே முதல் பதிலைப் பாருங்கள். பேரன் தீவு, ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகும் இடத்து எரிமலை, வேறு வகை.

நாங்குநேரி: குமரிக்கண்டம்…

மூன்று பதில் தந்தாகிவிட்டது.

மேலப்பாளையம் மாணவர்: கல்லுக்கு 5.7 கோடி வயது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கல்லில் உள்ள பொட்டாசியம்-40 சிதையும்போது ஒரு பங்கு ஆர்கான் வாயு ஆகிறது. உருகிய கல்லிலிருந்து பழைய ஆர்கான் வெளியேறிவிடும். உறைந்த பிறகு சேர்வது உள்ளேயே தங்கும். பாதி சிதைய 125 கோடி ஆண்டு. சேர்ந்த ஆர்கானை அளந்தால் வயது வரும். கணக்கை நீயே போட்டு அனுப்பு தம்பி, சரிபார்த்துத் தருகிறேன்.