மெட்ரோ மேப்ப ஓரமா வைங்க!

கேள்வி: அக்கா, வேலைக்காக பெரிய சிட்டிக்கு வந்து ஆறு மாசம் ஆச்சு. ரூம், மெட்ரோ, ஆபீஸ், இத விட்டா ஒண்ணும் தெரியாது. ஏரியா பேரெல்லாம் காதுல விழுது, எது எங்க இருக்குன்னு கேட்டா முழிக்கிறேன். எப்படி பழகுறது?

பதில்: தம்பி, முதல்ல அந்த மெட்ரோ மேப்ப மனசுலேந்து கொஞ்சம் ஓரமா வைங்க. அது ரயில் மாறுறதுக்கு போட்டது, ஊர காட்டுறதுக்கு இல்ல. லண்டன்ல ஹாரி பெக் வரைஞ்சு 1933ல வந்த மேப்புலேந்துதான் இந்த ஸ்டைல் உலகம் பூரா பரவுச்சு, கோடெல்லாம் நேரா, ஸ்டேஷனெல்லாம் சீரான இடைவெளியில, பாக்க அழகா இருக்கும், நிஜ தூரம் மட்டும் இருக்காது. அங்க லெஸ்டர் ஸ்கொயர் ஸ்டேஷனுக்கும் கோவென்ட் கார்டனுக்கும் நடுவுல ரயில் ஓடுற தூரம் 300 மீட்டர் கூட இல்ல, இறங்கி ஏறி காத்திருக்குற நேரத்துல நடந்தே போயிடலாம்.

உங்க ஊர்லயும் இப்படி பக்கத்து பக்கத்து ஸ்டேஷன் இருக்கும், தேடுங்க. ஒரு ஸ்டேஷன் முன்னாடியே இறங்கி, செல்போன பையில போட்டுட்டு நடங்க. ஏதோ ஒரு சந்துல திரும்புவீங்க, தினமும் ஜன்னல்லேந்து பாக்குற அதே தண்ணி டேங்க், இப்ப பின்பக்கமா நிக்கும், ஏணி எல்லாம் தெரியும். அட, இங்கதான் வந்து சேருதான்னு நின்னுடுவீங்க. தனித்தனியா கிடந்த ரெண்டு ஏரியா அப்பதான் ஒட்டும், அதுக்கப்புறம் மறக்கவே மறக்காது.

கெவின் லிஞ்ச்னு ஒருத்தர் பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் மூணு ஊரையும் ஆராய்ஞ்சு, அங்க இருக்குறவங்ககிட்ட பேசி, 1960ல எழுதினாரு: ஊர் நம்ம மனசுல பாதை, எல்லை, பேட்டை, சந்திப்பு, அடையாளம்னு அஞ்சு விதமா பதியுதாம். என்ன கேட்டா இதுல எல்லைதான் முக்கியம். அடையாளத்த எல்லாரும் பாப்பாங்க, எல்லைய யாரும் கவனிக்க மாட்டாங்க. தண்டவாளம், ஆறு, மேம்பாலம், அத தாண்டினதும் கடை மாறும், வீட்டு உயரம் மாறும், சத்தம் கூட மாறும். ஒரு ஏரியா எங்க முடியுதுன்னு நடந்து பாத்தவங்களுக்குதான் அந்த ஏரியா தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பேப்பர்ல ஞாபகத்துலேந்து வரைங்க, அப்புறமா போன்ல சரிபாருங்க, முன்னாடி பாக்காதீங்க. பேப்பர்ல எங்க காலியா இருக்கோ அடுத்த வாரம் அங்க போங்க. அவசரமே வேணாம், லண்டன் டாக்ஸிக்காரங்க ஊர் நடுவுல இருக்குற சேரிங் கிராஸ சுத்தி ஆறு மைலுக்குள்ள இருக்குற சுமார் 25,000 தெருவ மனப்பாடம் பண்ண மூணு நாலு வருஷம் எடுத்துக்குறாங்க!

கேள்வி: மகனோட வெளிநாட்டு சிட்டியில இருக்கேன்மா, வயசு 61. அட்ரஸ் பாத்தா தலையே சுத்துது.

பதில்: ஐயா, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கணக்கு உண்டு, அது பிடிபட்டா போதும். பாரிஸ்ல 20 வட்டாரம், நடுவுல 1ல ஆரம்பிச்சு நத்தை ஓடு மாதிரி சுத்திக்கிட்டே வெளிய போகும். டோக்கியோல நிறைய தெருவுக்கு பேரே கிடையாது, பிளாக்குக்குதான் நம்பர். உங்க ஊர்ல எப்படின்னு மகன்கிட்ட கேட்டுக்கிட்டு, நாளைக்கு காலையில வீட்டு நம்பர படிச்சுக்கிட்டே ஒரு தெரு முழுக்க நடந்து பாருங்க.