பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா?

கேள்வி: எனக்கு வயது 46. ஐந்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சில மாதங்களாகப் பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது, வாயும் நாறுகிறது. வலி இல்லை. ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் போடாமல் உப்பு வைத்துத் தேய்க்கிறேன். பல் டாக்டர் க்ளீனிங் செய்யச் சொல்கிறார். செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: க்ளீனிங் செய்துகொள்ளுங்கள். முடிந்தால் இந்த வாரமே.

உங்களைப் போலவே பலரும் ரத்தத்தைப் பார்த்ததும் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம் இது. பல்லை நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி வெள்ளையாக வருகிறதே, அது முழுக்கக் கிருமிப் படலம். ஈறோரம் அது தங்கினால் ஈறு வீங்கி, லேசாகப் பட்டாலே ரத்தம் கசியும். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரின் குழு 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னது. பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. அதனால் ரத்தம் வரும் இடத்தில்தான் கூடுதல் கவனத்தோடு துலக்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன அசைவாக, காலையும் இரவும் இரண்டு நிமிடம் துலக்குங்கள்.

ஆனால் சில மாதங்கள் ஆகிவிட்டதால் உங்களுக்குப் பிரஷ் மட்டும் போதாது. போர் தண்ணீர் பிடிக்கும் வாளியில் உப்பு படிந்து கெட்டியாவது போல, எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்தப் படலத்தில் இறங்கிக் காரையாகிவிடும். அதை உப்பும் எடுக்காது, பிரஷ்ஷும் எடுக்காது. உப்புக்கல்லால் தேய்த்தால் ஈறுதான் புண்ணாகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, பல் ஆடும் என்ற பயத்துக்கு வருவோம். நாள்பட்ட காரை பற்களைச் சுற்றிச் சிமெண்ட் பூசியது போலப் பிடித்திருக்கும். அதற்குள் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துபோயிருந்தால், காரையை எடுத்ததும் அதுவரை மறைந்திருந்த ஆட்டமும் இடைவெளியும் தெரியவரும். க்ளீனிங் செய்யும் கருவி அதிர்வாலும் தண்ணீராலும் காரையை உடைக்கிறது, பல்லைத் தேய்த்துக் குறைப்பதில்லை. சில நாள் கூச்சம் இருக்கலாம், குறைந்துவிடும். கரைந்த எலும்போ பெரும்பாலும் திரும்ப வளராது. வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலேயே எலும்பு வரை போய்விடும்.

உங்களுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கஷ்டமாகும். ஈறுக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஏறக்குறைய 0.4 சதவீதம் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. டாக்டர் மெல்லிய கம்பி போன்ற கருவியால் ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆழத்தை அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லை. அதற்கு மேல் போனால் ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொடுத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் நீங்களாகத் தொடராதீர்கள், பல்லில் பழுப்புக் கறை படியும். பல் துலக்கி அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். புகை ரத்தக் கசிவைக் குறைத்து நோயை மறைத்துவிடும்.

க்ளீனிங்குக்குப் போகும் அன்று காலை வழக்கம்போல டிபன் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையும் கையில் இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும். அதற்குள் முகம் வீங்கினாலோ, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.