சிவப்புப் பறக்கும் படகும் கொழும்பின் ஈரக்காற்றும்

கேள்வி: ஹயாவோ மியாசாக்கி இயக்கி 1992 இல் வெளிவந்த ‘போர்கோ ரோசோ’ என்ற ஜப்பானிய அசைவூட்டப் படத்தில் வரும் சிவப்புக் கடல் விமானத்தை 1:72 அளவிலான பிளாஸ்டிக் மாதிரியாகச் செய்துவருகிறேன். உடலின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் கோடு தெரிகிறது. டின் ஸ்பிரேயால் அடித்த சிவப்பும் காய்ந்தபின் வெண்புகை படிந்தாற்போல் மங்கிவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டி முதலிலிருந்து தொடங்கவேண்டுமா?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: சுரண்டவேண்டாம். வெண்மூட்டம் உங்கள் கையின் பிழையன்று. அது நம்முடைய காற்றின் வேலை. ஸ்பிரேயிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. கடலோரத்து ஈரக்காற்றிலுள்ள நீராவி அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து, தீந்தை உலர்வதற்கு முன்னரே அதனுள் சிக்கிக்கொள்கிறது. ஐப்பசி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், இடி முழங்கத் தொடங்கிய பிறகும் ‘இன்னும் ஒரு பூச்சுத்தானே’ என்று பல்கனியில் நின்று அடித்து, ஒரு முழு இறக்கையையும் பால்நிறமாக்கிய அனுபவம் எனக்கும் உண்டு. வெயில் நன்றாக ஏறிய, மழையில்லாத ஒரு முற்பகலில் அதே தீந்தையை மிக மெல்லிய தூவலாக மீண்டும் அடித்தால், பழைய படலம் சற்று இளகி ஈரத்தை வெளியேவிடும். மூட்டம் பெரும்பாலும் மறைந்துவிடும். குளிரூட்டிய அறையில் காற்று உலர்ந்திருக்கிறதே என்று அங்கே ஸ்பிரே அடிக்காதீர்கள். அந்த ஆவி தீப்பற்றக்கூடியது, நுரையீரலுக்கும் ஆகாதது. உலர வைப்பதற்கு மட்டும் அந்த அறையைப் பயன்படுத்தலாம்.

ஆனால் அதற்கு முன் பாதிகள் சேரும் மூட்டுக் கோட்டைச் சரிசெய்யவேண்டும். மாதிரிகளுக்கான பசை சாதாரணப் பசையைப்போல் நடுவில் நின்று ஒட்டுவதில்லை; இருபுறத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்குகிறது. ஆகவே பாதிகளை அழுத்தும்போது மூட்டின் வழியே மெல்லிய வரம்பு ஒன்று பிதுங்கவேண்டும். அதை அப்போதே துடைத்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. இரண்டு நாள் இறுக விட்டு, கத்தியால் சீவி, பிறகு 400, 600, 1000 என்ற வரிசையில் (எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும்) நீர்பட்டாலும் கிழியாத மணல்தாளை நனைத்துத் தேய்த்தால் கோடு இருந்த இடமே தெரியாது. இப்போது தெரியும் கோட்டையும், சிறிது நிரப்பும் பசை தடவி, இதே முறையில் மறைக்கலாம்.

தேய்க்கும்போது அடிப்பகுதியில் மிகுந்த கவனம் வேண்டும். இது பறக்கும் படகு; அதாவது, உடலே படகாக நீரில் மிதக்கும் விமானம். அதன் அடியில், நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால், ஒரு படி வெட்டப்பட்டிருக்கும். வேகமெடுக்கும்போது நீர் அடிப்பரப்பைப் பற்றிக்கொண்டு விமானத்தை எழவிடாது. அந்தப் படியில் காற்று புகுந்து நீரின் பிடியை அறுத்த பிறகுதான் அது மேலெழ முடியும். மணல்தாளால் படியின் விளிம்பை மழுங்கடித்துவிட்டால், சிவப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது சவர்க்காரக் கட்டியாகவே தெரியும். தட்டையான குச்சியொன்றில் மணல்தாளை ஒட்டித் தேய்த்தால் விளிம்புகள் பிழைக்கும்.

இன்னொன்று: சிவப்பு நிறத்துக்கு மறைக்கும் ஆற்றல் குறைவு. சாம்பல் நிறப் பிரைமரின் (முதலில் பூசும் அடிப்பூச்சின்) மேல் அடித்தால் செங்கல் நிறமாகச் சோர்ந்துவிடும். அடியில் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பூசி, அதன்மேல் மூன்று நான்கு மெல்லிய பூச்சுகள் கொடுங்கள்.

கேள்வி: அந்தப் படத்தில் வருவதைப் போன்ற விமானம் உண்மையில் இருந்ததா? பழுப்பேறிய, அழுக்கான தோற்றம் கொடுக்கலாமா?
– வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: படத்தில் அதன் பெயர் சவோயா எஸ்.21. அந்தப் பெயரில் இத்தாலியில் உண்மையாகவே ஒரு பந்தய விமானம் இருந்தது. ஆனால் அது இரட்டை இறக்கை கொண்டது. திரையில் நாம் காணும் உருவம், 1925 இல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த, கடல் விமானங்களுக்கான ஷ்னைடர் கிண்ணப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த மாக்கி எம்.33 விமானத்தையே அதிகம் ஒத்திருக்கிறது. சுழலி நீர்த்தெறிப்பில் படாதிருக்க, அதன் இயந்திரம் தாங்குகால்களின்மேல் உடலுக்கு மேலே தூக்கி வைக்கப்பட்டிருந்தது. மாதிரியிலும் இந்தப் பகுதி கோணினால் முழுவதும் கோணும்; பசை இறுகுவதற்குள் முன்னாலிருந்தும் மேலிருந்தும் பார்த்து நேராக்கிவிடுங்கள். அந்தப் பந்தயத்தில் வென்றது ஜிம்மி டூலிட்டில் ஓட்டிய கேர்டிஸ் விமானம். அது படகுடல் கொண்டதன்று, இரண்டு மிதவைகளின்மேல் நிற்பது.

அழுக்கைப் பொறுத்தவரை, என் விருப்பம் குறைவாகவே செய்வதுதான். அசைவூட்டப் படத்தின் நிறங்கள் பெரும்பாலும் தட்டையானவை. தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் கோடுகளில் கறுப்பை ஓடவிட்டால் அந்தத் தன்மை கெட்டுவிடும். நீர்த்த கபில நிறம் போதும். இயந்திரத்தின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் மட்டும் சிறிது புகைக்கறை இடலாம்.

கேள்வி: விமானத்தைத் தண்ணீரில் மிதப்பதுபோல் வைக்க விரும்புகிறேன். எப்படி?
– வாசகர் ஒருவர், தெஹிவளை

பதில்: பலகையில் நீல நிறம் பூசி, நிறமற்றுக் காயும் அக்ரிலிக் ஜெல்லைத் தூரிகையால் குத்திக் குத்திச் சிற்றலைகளாக எழுப்புங்கள். படம் நடப்பது ஏட்ரியாட்டிக் கடலில். ஆகவே தெளிந்த நீலம் வேண்டும், நம்முடைய பேரை வாவியின் பச்சை வேண்டாம். (இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொக்கல வாவியில் இறங்கிய கற்றலினா என்ற பறக்கும் படகை என்றாவது செய்தால் கலங்கல் நிறத்தைத் தாராளமாகக் கலக்கலாம்.) நின்றுகொண்டிருக்கும் பறக்கும் படகு பெரும்பாலும் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து, ஓர் இறக்கை மிதவை மட்டும் நீரைத் தொட நிற்கும். ஜெல் காய்வதற்குள் அந்தச் சாய்வைக் கொடுத்துவிடுங்கள்.