தனியாக இருக்கும் அம்மாவுக்குச் சத்து மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. அப்பா காலமான பிறகு திருச்சி வீட்டில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில் வேலை செய்கிறேன். ஆறு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, எங்கும் போவதுமில்லை. இரத்தப் பரிசோதனைகளில் குறை ஒன்றும் இல்லை. சத்து மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: பரிசோதனைகளில் தைராய்டும் வைட்டமின் பி12-ம் பார்க்கப்பட்டு இயல்பாக இருந்தால், சத்து மாத்திரையால் பெரிய பயன் இராது. "எனக்கு ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவானேன்" என்று காலையில் வடித்த சோற்றையே இரவும் மோர் ஊற்றிச் சாப்பிடும் தாய்மார்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்குப் பசி குறைவதற்கு முன்பே, கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லாமல் போயிருக்கிறது. தனிமையுணர்வை ஆண்டுதோறும் சுமார் 8,71,000 இறப்புகளுடன் உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் தொடர்புபடுத்தியிருப்பதால், இதை வெறும் மனக்குறை என்று ஒதுக்கிவிட முடியாது.

முதலில் அவருடைய காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். பேச்சு சரியாகக் கேட்காததால், தப்பாகப் பதில் சொல்லிவிடுவோமோ என்று கூச்சப்பட்டே பலர் வீட்டுக்குள் ஒடுங்கிவிடுகிறார்கள். தூக்கம் கெட்டு, எதிலும் நாட்டமின்றி இருந்தால் அது மனச்சோர்வாகவும் இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. வாழ்ந்தது போதும் என்ற பேச்சு வந்தால் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் இலவச மனநல ஆலோசனைச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணிலும் தமிழில் பேசலாம்.

அடுத்து, அவர் போய்வர ஓர் இடம் வேண்டும். பகலில் வந்திருந்து மாலையில் வீடு திரும்பும் முதியோர் மையங்களாக 25 அன்புச்சோலைகளை அமைக்கத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் பகுதிக்கு அருகே என்ன இருக்கிறது என்பதை 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்டறியலாம். பக்கத்துக் கோயிலின் பஜனைக் குழுவோ நூலக வாசகர் வட்டமோகூடப் போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உட்காரவைத்துச் சொற்பொழிவு கேட்கச் சொல்லும் இடத்தைவிட, அவர் கைக்கு ஒரு வேலை இருக்கிற இடமும், ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிற ஆட்களுமே பலன் தருவதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். இத்தகைய ஒரு மையத்துக்குப் போகத் தொடங்கிய என் நோயாளி ஒருவர், சென்ற மாதம் நான் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "இன்று கீரை ஆய்வது என் முறை டாக்டர், சீக்கிரம் அனுப்புங்கள்" என்றார். ஒரு வருடத்துக்கு முன் அதே நாற்காலியில் கேட்ட கேள்விக்குக்கூடப் பதில் சொல்லாமல் இருந்தவர் அவர்.

தனியாகப் போய்வரும்படி தொலைபேசியில் சொன்னால் உங்கள் அம்மா போகமாட்டார். நான்கு நாள் விடுப்பு எடுத்து வந்து, முதல் இரண்டு நாள் நீங்களே கூடப் போய் உட்காருங்கள். மூன்றாம் நாள் அதே தெருவிலிருந்து போகும் யாரோடாவது சேர்த்து அனுப்புங்கள். பிடிக்கவில்லை என்று சொன்னாலும் ஒரு மாதமாவது பொறுத்துப் பாருங்கள். எடையை மட்டும் மாதம் ஒருமுறை குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள்.