உலகம் அழியும் என்று தேதி சொல்பவர்களை நம்பலாமா?

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் உங்கள் பெரியம்மா, வாட்ஸ்அப்பில் வந்த உலக அழிவுச் செய்தியை நம்பி வீட்டை விற்கப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைத் தடுங்கள்.

இதுவரை தேதி குறித்த அத்தனை பேரும் தோற்றிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 23, 24 என்று சொன்னவர் நம் தென்னாப்பிரிக்கப் போதகர்தான். 24 நமக்கு மரபுரிமை நாள் விடுமுறை; டர்பனில் பாதிப் பேர் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க வானொலிப் போதகர் ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார்; பொய்த்ததும் அக்டோபர் 21 என்றார். வாய்தா வாங்காமல் இந்தத் தொழில் நடக்காது.

சிரித்துவிட்டுப் போக முடியாத கதையும் இந்த மண்ணில் உண்டு. 1856இல் கிழக்குக் கேப் பகுதியில் நோங்கவூசே என்ற கோசா இனச் சிறுமி, மாடுகளைக் கொன்று தானியத்தை அழித்தால் முன்னோர் எழுந்து வருவார்கள், வெள்ளையர் கடலுக்குள் துரத்தப்படுவார்கள் என்றாள். மாடுகள் நுரையீரல் நோயில் மடிந்துகொண்டிருந்தன, நிலமும் பறிபோயிருந்தது. நொந்துபோன மக்கள் நம்பினார்கள். சுமார் 4 லட்சம் மாடுகள் வெட்டப்பட்டன. 1857 பிப்ரவரியில், குறித்த நாளில் எதுவும் நடக்கவில்லை. பின்னர் வந்த பஞ்சத்தில் சுமார் 40,000 பேர் மாண்டார்கள்.

பெரியம்மா பஞ்சாங்கம் பார்ப்பவர் என்றால் ஒரு கணக்கு: கலியுகம் 4,32,000 ஆண்டுகள்; கழிந்தது 5,100 சொச்சம்தான். எதற்கும் வீட்டுப் பத்திரத்தைச் சிறிது நாள் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.